ஜாக்கெட் அளவு வேறு, பிரா அளவு வேறு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பத்து வருடமாக 36 பி வாங்குகிறீர்கள். கப் ஓரளவு சரியாகவே உட்காருகிறது. ஆனால் மத்தியானத்துக்குள் பின்பக்கம் முதுகில் மேலே ஏறிவிடுகிறது, தோளில் ஸ்ட்ராப் பதிந்து சிவப்பாகத் தடம் விழுகிறது. வீட்டில் அளந்தால் மார்புக்கு அடியில் 29 இன்ச், மார்பின் மேல் 37 இன்ச் வருகிறது. ஒரு கடையில் 34 சி என்றார்கள், இணையத்தில் ஒரு கணக்குப் பக்கம் 30 எஃப் என்றது. இதில் எது என் அளவு, ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், வாங்கி வைத்திருக்கும் நான்கு 36 பி-யை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அளவைப் பற்றிக் கேட்டாலும், தோள் ஏன் வலிக்கிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

திருப்பூரில் உள்ளாடை தைக்கும் ஒரு நிறுவனத்தில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் மதுரையில் பெண்களுக்கான உள்ளாடைக் கடையில் பதினான்கு வருடமாக அளவெடுத்துக் கொடுக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. துணியும் அளவும் எனக்குத் தெரியும். வலியின் மருத்துவக் காரணங்களைச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உங்கள் அளவையே சொல்லிவிடுகிறேன். இங்கே கடைகளில் கிடைக்கும் பிராக்களில் நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டியது 34 சி, அதோடு 34 டி. இரண்டில் ஒன்று பொருந்தும். 36 பி உங்களுக்கு ஏன் பாதி சரி, பாதி தவறு என்பதைப் புரிந்துகொண்டால் இனிமேல் எந்தக் கடையிலும் நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

பிராவில் எழுதியிருக்கும் 34, 36 என்ற எண் மார்பின் அளவு இல்லை. மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டையின் அளவு அது. நான் அதை அடிப்பட்டை என்பேன். பக்கத்தில் இருக்கும் எழுத்துதான் கப்பின் அளவு. நம் ஊரில் குழப்பம் ஆரம்பிக்கும் இடம் தையல் கடை. டெய்லர் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது மார்பின் உயரமான இடத்தில் டேப்பைச் சுற்றி 36, 38 என்று நோட்டில் எழுதுவார். அந்த எண் நம் மனதில் பதிந்துவிடும். உள்ளாடை கேட்கும்போது "முப்பத்தாறு கொடுங்க" என்று அதையே சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கே கூச்சம், கவுண்டரில் நிற்பவர் ஆணாக இருந்தால் இன்னும் கூச்சம். பெட்டியை வாங்கிக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நம் கடைகளில் விலை குறைந்த காட்டன் பிராக்களில் கப் எழுத்தே இல்லாமல் எண் மட்டும் போட்டு வருவதும் உண்டு. அவை பெரும்பாலும் பி கப் கணக்கில் வெட்டியவை. ஆக, உங்கள் 37 இன்ச் மார்பை வைத்து 36 என்று முடிவானதும், கூடவே பி வந்ததும் தற்செயல் இல்லை. என்னிடம் வரும் பத்துப் பேரில் ஆறேழு பேர் இதே வழியில்தான் வந்திருப்பார்கள்.

இனி அளக்கும் முறை. துணி டேப் பழசானால் நீண்டுவிடும், அதனால் ஒரு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பேட் இல்லாத மெல்லிய பிரா போட்டுக்கொண்டோ, எதுவும் போடாமலோ கண்ணாடி முன் நில்லுங்கள். மார்பு முடியும் மடிப்புக்குச் சரியாகக் கீழே டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் சரிந்து போகிறதா என்று பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் சரிந்துதான் இருக்கும். கையைக் கீழே இறக்கி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, டேப் நழுவாத அளவுக்கு இறுக்கிப் படியுங்கள். சதையில் வெட்டக்கூடாது. இது முதல் எண். இரண்டாவது எண்ணுக்கு மார்பின் மிக உயர்ந்த இடத்தில் டேப்பை இழுக்காமல், தொட்டும் தொடாமலும் சுற்ற வேண்டும். மார்பு கனமாகவோ தளர்ந்தோ இருந்தால் நிமிர்ந்து நின்று அளப்பது குறைவாகக் காட்டும். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். மூன்று தடவை அளந்தால் மூன்றும் கொஞ்சம் மாறும், கவலைப்பட வேண்டாம்.

உங்கள் 29 இன்ச் என்பது ஏறக்குறைய 74 சென்டிமீட்டர். பெரும்பாலான இந்தியக் கம்பெனிகளின் பெட்டியில் அச்சடித்திருக்கும் அட்டவணைப்படி, அடிமார்பு 68 முதல் 72 சென்டிமீட்டர் வரை என்றால் 32, 73 முதல் 77 வரை 34, 78 முதல் 82 வரை 36, 83 முதல் 87 வரை 38. நீங்கள் 34-ல் விழுகிறீர்கள். மார்பின் மேல் அளவிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் 37-34, அதாவது 3 இன்ச். ஓர் இன்ச் வித்தியாசத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. ஆக 34 சி. இதையே சென்டிமீட்டரில் போடும் ஐரோப்பிய அட்டவணையில் பார்த்தால் 94 சென்டிமீட்டர் மார்புக்கு டி வருகிறது. இரண்டு முறைகளின் எல்லைக் கோடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. அதனால்தான் இரண்டையும் போட்டுப் பாருங்கள் என்றேன்.

29 இன்ச் உடம்புக்கு எப்படி 34 என்ற எண் வருகிறது என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். அடிமார்போடு நாலைந்து இன்ச் கூட்டி எண் போடுவது பழைய வழக்கம். இந்திய, அமெரிக்க எண்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. 34 என்று எழுதிய பிராவைத் தரையில் பரப்பி இழுக்காமல் அளந்து பாருங்கள், 34 இன்ச் இருக்காது. அது அளவைக் குறிக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். பல லேபிள்களில் 34-க்குப் பக்கத்தில் 75 என்றும் 90 என்றும் போட்டிருக்கும். 75 என்பது ஐரோப்பிய எண், உண்மையான அடிமார்புச் சென்டிமீட்டருக்கு நெருக்கமானது. 90 என்பது அதோடு 15 கூட்டும் பிரெஞ்சு முறை. உங்களுக்கு 30 எஃப் என்று சொன்ன கணக்கு எதையும் கூட்டாத முறை. 29-ஐ 30 ஆக்கி, 37-லிருந்து கழித்தால் 7 இன்ச். பிரிட்டிஷ் கப் வரிசையில் ஏ, பி, சி, டி, டிடி, இ, எஃப் என்று எண்ணினால் ஏழாவது எஃப். நன்றாக இழுபடும் துணியில் தைக்கும் சில பிரிட்டிஷ் பிராண்டுகளுக்கு அந்த முறை பொருந்தலாம். நம் ஊர்க் காட்டன் பிராவுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மூச்சு முட்டும். டி-க்கு மேல் போனால் இன்னொரு சிக்கல், நாட்டுக்கு நாடு எழுத்து மாறிவிடும். பிரிட்டனில் டிடி என்பதை ஐரோப்பாவில் இ என்பார்கள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் வாங்குகிறவர்கள் எழுத்தை மட்டும் நம்பாமல், எந்த நாட்டு லேபிள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எழுத்துகள் வந்ததே 1930-களில்தான். அமெரிக்காவில் 1914-ல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் பிராவுக்குக் காப்புரிமை வாங்கியபோது கப் அளவு என்ற யோசனையே கிடையாது. பின்னால் ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியாக ஓர் அளவுமுறையை வைத்துக்கொண்டது. உங்களுக்குக் கடையில் ஒன்றும் இணையத்தில் ஒன்றுமாக விடை சொன்னதற்கு இதுதான் காரணம், உங்கள் உடம்பில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது தோள் விஷயம். மார்பின் கனத்தைத் தாங்க வேண்டியது அடிப்பட்டை. ஸ்ட்ராப் கப்பின் மேல்பாகம் விழாமல் பிடித்துக்கொண்டால் போதும். அடிப்பட்டை தொளதொளவென்று இருந்தால் முன்பக்கக் கனம் கீழே இழுக்கும், பின்பக்கம் மேலே ஏறும். நாம் என்ன செய்கிறோம்? கீழே இறங்குகிறதே என்று ஸ்ட்ராப்பை இன்னும் சுருக்குகிறோம். அது பின்பக்கத்தை இன்னும் மேலே இழுக்கிறது, மொத்தக் கனமும் இரண்டு விரல் அகல எலாஸ்டிக்கில், தோள் எலும்பின் மேல் வந்து உட்காருகிறது.

போன வருடம் ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார், ஐம்பதை நெருங்கும் வயது. தோளில் ஒரு விரல் படுக்கும் அளவுக்குப் பள்ளம், அதன் ஓரத்தில் தோல் கறுத்திருந்தது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் வலிக்கிறது என்றார். போட்டிருந்தது 40 பி. அளந்தால் அடிமார்பு 80 சென்டிமீட்டர், அதாவது 36. 36 டி ஒன்றைப் போடவைத்தேன். கொக்கி மாட்டியதும் "என்னம்மா, இது இறுக்கமா இருக்கே" என்றார். "அக்கா, இப்போ ரெண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து கீழே இறக்கிவிடுங்க" என்றேன். இறக்கினார். பிரா அசையாமல் அதே இடத்தில் நின்றது. கண்ணாடியில் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பழைய 40-ஐப் போட்டு அதையே செய்தபோது இடுப்புக்கு வந்துவிட்டது. நான் சொல்லும் எந்தக் கணக்கையும்விட அந்த ஒரு சோதனை நன்றாகப் புரியவைக்கும். இன்று ராத்திரி உங்கள் 36 பி-யிலும் செய்து பாருங்கள்.

உங்களுக்குக் கப் சரியாக இருந்தும் பட்டை மட்டும் ஏறுவதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. கப் எழுத்து தனியாக ஓர் அளவு கிடையாது. 36 பி, 34 சி, 32 டி மூன்றின் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. பட்டை ஒரு படி இறங்கினால் எழுத்து ஒரு படி ஏற வேண்டும். நீங்கள் கப்பைச் சரியாகவும் பட்டையை ஒரு படி பெரிதாகவும் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். "டி-யா, அவ்வளவு பெரிசா எனக்கு?" என்று தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும். 32 டி-யும் 38 டி-யும் ஒரே அளவு இல்லை, எழுத்துக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை.

கடையில் போட்டுப் பார்க்க இடம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். புதுப் பிராவைக் கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான இடத்தில் மாட்டுங்கள். எலாஸ்டிக் நாளடைவில் தளரும், அப்போது உள்ளே இருக்கும் வரிசைகளுக்குப் போக வேண்டும். முதல் நாளே உள் வரிசையில் மாட்டினால்தான் பிடிக்கிறது என்றால் அது பெரிது. மாட்டியபின் முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையைக் கையால் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் ஒரு கப் சிறிதாக வாங்குகிறவர்கள் ஏராளம். அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும், கை முழுக்க நுழையக்கூடாது. கப்பின் மேல் ஓரத்தில் சதை பிதுங்கினால் கப் சிறிது. துணி சுருங்கி மடிந்தால் கப் பெரிது, இல்லையென்றால் அந்த வடிவம் உங்களுக்கு ஏற்றதில்லை. கம்பி வைத்த பிரா என்றால் கம்பி மார்பைச் சுற்றி விலா எலும்பின் மேல் படிய வேண்டும், மார்புச் சதையின் மேல் ஏறிக் குத்தக்கூடாது. இரண்டு கப்புக்கும் நடுவில் இருக்கும் பகுதி நெஞ்செலும்பைத் தொட வேண்டும். கம்பியில்லாத காட்டன் பிராவில் அது தொடாமல் போகலாம், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். கையைத் தூக்குங்கள், குனிந்து நிமிருங்கள், உட்காருங்கள். கடைசியாக ஜாக்கெட்டையோ சுடிதார் டாப்பையோ மேலே போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்க்க இடமில்லாத கடை என்றால் ஒன்று மட்டும் வாங்கி, லேபிளைக் கிழிக்காமல் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டிருந்து முடிவு செய்யுங்கள். மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், உள்ளாடையை மாற்றித் தராத கடைகள் நிறைய.

இரண்டு மார்பும் ஒரே அளவாக இருக்காது. அது சகஜம். பெரிய பக்கத்துக்குக் கப் வாங்கி, சிறிய பக்கத்தில் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு கனத்து, அதே பிரா பிடிக்கிற மாதிரி இருக்கும், அந்த நாட்களில் அளவெடுக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் விலாக்கூடே விரியும், கப்பும் பெரிதாகும், ஆகவே பழைய அளவு எதையும் நம்ப முடியாது. பால் கொடுக்கும் மாதங்களில் இறுக்கமான பிராவும் கம்பியும் வேண்டவே வேண்டாம், பால் கட்டிக்கொள்ளும். வயதுக்கு வரும் பெண் பிள்ளைக்கு "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்கும் அம்மாக்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மட்டும் வாங்குங்கள் என்பதுதான். பொருந்தாத பிராவோடு பள்ளி மைதானத்தில் ஓடக் கூச்சப்பட்டு விளையாட்டையே விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததையும் சும்மா சொல்லப்படுவதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். "எண்பது சதவீதப் பெண்கள் தவறான அளவு அணிகிறார்கள்" என்று விளம்பரங்களில் வரும். 2008-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் அந்த 80 சதவீதம் இருக்கிறது, ஆனால் அதில் கலந்துகொண்டது 30 இளம்பெண்கள்தான். பலர் தவறாக அணிகிறார்கள் என்பது என் அனுபவத்திலும் உண்மை, அந்த எண்ணை உலகம் முழுவதற்கும் பொருத்த முடியாது. பிரா போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் மாதவிலக்கு நின்ற பெண்களிடம் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், எத்தனை மணி நேரம் அணிந்தாலும், கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடர்பு தெரியவில்லை. பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்று பயந்து சீக்கிரம் நிறுத்துகிற பெண்களும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கியில் நடந்த ஓர் ஆய்வு, வயது, உடல் எடை, எத்தனை முறை கர்ப்பம், புகைபிடித்தல் ஆகியவற்றைத்தான் காரணமாகக் கண்டது. தாய்ப்பால் கொடுப்பதை அல்ல. ராத்திரி பிரா போட்டுத் தூங்குவதால் மார்பு தளராது என்பதும் நிரூபணமானது இல்லை, வசதியாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கழற்றுங்கள். ஓடும்போது, குதிக்கும்போது நல்ல பிடிப்பு வலியைக் குறைக்கும் என்பது மட்டும் நன்றாகச் சோதித்தறிந்த விஷயம்.

சரியான அளவு போட்டு ஒரு மாதமாகியும் தோளோ கழுத்தோ வலித்தால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். எல்லா வலிக்கும் பிரா காரணமில்லை. கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று அளவோ வடிவமோ மாறினாலோ, பிரா கடைக்கு வராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சுடுதண்ணீரும் மெஷினில் முறுக்கிப் பிழிவதும் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் கொன்றுவிடும். அதைவிட நம் வீடுகளில் நான் கவலைப்படுவது, யாரும் பார்த்துவிடுவார்களோ என்று துண்டுக்கும் பாவாடைக்கும் அடியில் போட்டுக் காயவைக்கிறோமே, அதுதான். ஈரம் முழுதாகப் போகாமல் மறுநாள் போட்டால் மார்புக்கு அடியில் அரிப்பும் படர்தாமரையும் வரும். காற்றோட்டமான நிழலில், மேலே எதுவும் மூடாமல் காயப்போடுங்கள்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் நான்கு 36 பி. தூக்கிப் போட வேண்டாம். கப் உங்களுக்குப் பொருந்துகிறது என்பதால் அவற்றைக் காப்பாற்ற முடியும். இப்போதைக்கு உள்ளே கடைசியாக இருக்கும் கொக்கி வரிசையில் மாட்டி, ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதிலும் ஏறினால் நம்பிக்கையான ஒரு பெண் டெய்லரிடம் கொடுங்கள். பின்பக்கம் கொக்கி தைத்த துண்டைப் பிரித்து, அந்தப் பக்கம் ஓர் இன்ச், எதிர்ப்பக்கம் ஓர் இன்ச் வெட்டி மறுபடி தைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். எலாஸ்டிக் ஏற்கெனவே தளர்ந்துபோனவற்றுக்கு இந்தச் செலவு வேண்டாம், இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்புகிறவற்றை மட்டும் கொடுங்கள். புதிதாக 34 சி-யிலோ டி-யிலோ ஒன்றே ஒன்று வாங்கி ஒரு வாரம் போட்டுப் பார்த்தபின் மற்றவற்றை வாங்குங்கள். எது பொருந்தியது என்று இங்கே எழுதினால், அடுத்து எந்தத் துணி, எந்த வடிவம் என்று சொல்கிறேன்.